பால் மாதிரி எடுப்பது எப்படி: கேன் மூடியைத் திறப்பது முதல் ஆய்வகம் சேரும் வரை

உணவு பாதுகாப்பு அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் மற்றப் பொருள்களைவிடப் பாலில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மிளகாய்த் தூளையும் எண்ணெயையும் நிதானமாகப் பிரித்துக் கட்டலாம். பாலுக்கு அந்த அவகாசம் கிடையாது. நிற்க நிற்க ஏடு மேலே வரும், வெயிலில் புளிக்கும், கடைசியில் திரிந்துவிடும். கேன் பக்கத்தில் நடந்த பிழையை எந்தப் பகுப்பாய்வாளராலும் பின்னால் திருத்த முடியாது.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் நடக்கும் முறை. உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006, அதன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகள் ஆகியவையே இதற்கு அடிப்படை. பால் விற்பவர்களும் சங்கச் செயலர்களும் படித்து வைத்திருப்பது நல்லது. தங்கள் முன்னால் நடப்பது ஒழுங்காக நடக்கிறதா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

1. எந்த வகை மாதிரி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சட்டபூர்வ மாதிரி, கண்காணிப்பு மாதிரி, நுண்ணுயிரி மாதிரி என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் பாட்டில் வேறு, பாதுகாப்பு முறை வேறு, தாள் வேலையும் வேறு.

அபராதமோ வழக்கோ வரக்கூடிய இடத்தில் எடுப்பது சட்டபூர்வ மாதிரி. மாதிரியை நான்கு பாகமாகப் பிரிப்பது, நோட்டீஸ், சாட்சி, சீல் எல்லாம் இதற்குத்தான். ஒரு வட்டாரத்தில் பாலின் நிலை என்ன என்று அறிய எடுப்பது கண்காணிப்பு மாதிரி. அதன் முடிவை வைத்து யார் மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது. சந்தேகம் உறுதியானால் திரும்பப் போய்ச் சட்டபூர்வ மாதிரி எடுக்க வேண்டும். கண்காணிப்பு மாதிரியை எடுத்துவிட்டு, முடிவு மோசமாக வந்த பிறகு அதற்கு நோட்டீஸ் தயாரிக்க முயல்வது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்த நோட்டீஸ் நிற்காது.

நுண்ணுயிரிச் சோதனைக்கு எடுப்பதில் ஃபார்மலின் (மாதிரி கெடாமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) ஒரு சொட்டும் சேரக் கூடாது. ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால் எவ்வளவு அசுத்தமான பாலும் ஆய்வகத்தில் சுத்தமாகத் தெரியும். ஒரே தொகுதியிலிருந்து ஐந்து மாதிரி, கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றே ஆய்வகம் என்று அதற்குத் தனிப் பயணமே திட்டமிடுங்கள்.

எதைத் தேடுகிறோம் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் கலப்படம் என்று உறுதியானவை 12. அஃப்ளடாக்சின் எம்1 வரம்பு தாண்டியவை 368. அதில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் தின்ற மாட்டின் பாலில் வரும் நச்சு இது. காய்ச்சினாலும் போகாது. அனுமதித்த வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். தண்ணீரையும் யூரியாவையும் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. ஆண்டுக்குச் சில கண்காணிப்பு மாதிரிகளையாவது இதற்கென்று ஒதுக்குங்கள்.

2. கிளம்பும் முன் பையைச் சரிபாருங்கள்

ஒரு பாகத்துக்கு 500 மில்லி, நான்கு பாகத்துக்கு 2 லிட்டர் பால் வேண்டும். ஒரே மாதிரியான நான்கு அகல வாய் பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி ஊற்றிய பிறகும் குலுக்குவதற்கு மேலே சற்று இடம் இருக்க வேண்டும்.

பாட்டில்கள் முதல் நாளே கழுவி, கவிழ்த்து, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். காலையில் அவசரமாக அலசி எடுத்துப் போகும் பாட்டிலின் அடியில் 10 மில்லி தண்ணீர் நின்றால், 500 மில்லி பாலில் அது 2 சதவீதம். தரத்தின் விளிம்பில் இருக்கும் நல்ல பால் அதனாலேயே தரம் குறைந்ததாகிவிடும். விற்பவர் மேல் நாமே சுமத்தும் கலப்படம் அது.

ஃபார்மலின் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பழசு, வீரியம் குறைந்தது. அதைப் போட்ட பால் வழியிலேயே திரியும். புதுப் புட்டி வாங்குங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று, கையுறை ஒரு ஜோடி.

இவற்றோடு காய்ந்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று (3 லிட்டர் கொள்ள வேண்டும்), நீளக் கைப்பிடிக் கரண்டி, பால்மானி (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி), அது மிதக்கும் உயரமான ஜாடி, வெப்பமானி, தடித்த காகிதம், பசை, நூல், அரக்கு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, முத்திரை. படிவம் 5ஏ (விற்பவருக்குக் கொடுக்கும் நோட்டீஸ்), படிவம் 6 (மாதிரியோடு பகுப்பாய்வாளருக்குப் போகும் குறிப்பு) இரண்டிலும் கூடுதலாகச் சில பிரதிகள். பாலுக்குக் கொடுக்கச் சில்லறை.

நியமன அலுவலர் (மாவட்டத்தில் உணவு பாதுகாப்புக்குப் பொறுப்பான மேலதிகாரி) கையெழுத்திட்ட, பாட்டில்களைச் சுற்றி ஒட்டும் குறியீட்டுச் சீட்டுகள் நான்கும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று அலுவலகத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒன்றில் எண் மாறியிருப்பது கடை வாசலில் தெரியவந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

3. நேரம், இடம், முதல் சோதனை

பால் கைமாறும் நேரம் காலை 5 முதல் 7 மணி. அதற்குள் போனால்தான் டீக்கென்று தண்ணீர் சேர்க்காத, காய்ச்சாத பால் கிடைக்கும். எட்டு மணிக்கு டீக்கடைக்குப் போனால் அடுப்பில் இருப்பது டீக்கென்று தண்ணீர் சேர்த்த பால். அதில் எடுத்தால் "இது விற்கும் பால் இல்லை, டீ போட வைத்தது" என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வது சரியும்கூட. அடுப்புப் பாத்திரத்தை விட்டுவிட்டு, கேனிலோ உடைக்காத பாக்கெட்டிலோ இருப்பதை எடுங்கள்.

கேன்கள் பல இருந்தால் எதிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யப் பால்மானி உதவும். பாலை 5-ஆம் படியில் சொல்லியிருப்பதுபோல் கலக்கிய பிறகே அதை மிதக்க விடுங்கள். ஜாடி வழிய வழிய நிரப்பி, நுரையை ஒதுக்கி, பால்மானி ஜாடியின் சுவரைத் தொடாமல் நிற்கும்போது கண்மட்டத்தில் படியுங்கள். 27 டிகிரிக்கு அளவிட்ட பால்மானியாக இருந்தால், பாலின் வெப்பம் அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டுங்கள், கீழே இறங்கினால் கழியுங்கள். 30 டிகிரிப் பாலில் 27 காட்டினால் திருத்திய அளவு 27.6. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுத் "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று அங்கேயே சத்தம் போடுவது அடிக்கடி நடக்கிறது.

கறந்து ஒரு மணி நேரம் ஆகாத பாலில் காற்றுக் குமிழி இருக்கும், அளவு குறைவாகவே காட்டும். மாட்டுத் தொழுவத்திலேயே பால்மானி போடுவதில் பயனில்லை.

பால்மானி சரியாகக் காட்டினாலும் பால் சரி என்று ஆகிவிடாது. ஏட்டை எடுத்தால் அளவு ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் அளவாகச் செய்தால் பழைய இடத்திலேயே நிற்கும். சர்க்கரை, உப்பு, யூரியா போட்டும் ஏற்றலாம். ஆகவே இது கேனைத் தேர்ந்தெடுக்க மட்டும். அந்த எண்ணை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் அங்கேயே செய்யக்கூடியவை சில:

மாவுக்கு: 3 மில்லி பாலில் 5 மில்லி தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் டிங்சர் அயோடின் 2 சொட்டு. நீலமானால் மாவு. சூடாக இருக்கும்போது விட்டால் நீலம் தெரியாது.

சோப்புத் தூளுக்கு: 10 மில்லி பால், அதே அளவு தண்ணீர், வேகமாகக் குலுக்கல். கெட்டியாக நுரை நின்றால் சந்தேகம்.

யூரியாவுக்கு: 5 மில்லி பாலில் அரைக் கரண்டி துவரம்பருப்புத் தூள் போட்டுக் கலக்கி, 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாள். நீலமாக மாறினால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாலில் இயற்கையாகவே யூரியா உண்டு, 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் வரை அனுமதி. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம்.

சோதனைக்கு எடுத்த பாலைத் திரும்பக் கேனில் ஊற்றாதீர்கள்.

4. சொல்லிவிட்டு எடுங்கள்

அடையாள அட்டையைக் காட்டுங்கள். "அண்ணே, இந்தப் பாலில் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப் போகிறேன், உங்கள் முன்னாலேயே எல்லாம் நடக்கும்" என்று நேராகச் சொல்லுங்கள். மிரட்டும் குரலில் தொடங்கினால் மூடி திறக்கும் முன் கேன் தரையில் கவிழ்ந்துவிடும். அதன் பிறகு எடுக்க எதுவும் இருக்காது.

சாட்சியாக ஒருவரையாவது கூப்பிடுங்கள். உங்கள் ஓட்டுநரையும் அலுவலக உதவியாளரையும் மட்டும் வைத்துக்கொள்வது பலவீனம். பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். அவர் மறுத்தால், மறுத்ததை எழுதுங்கள்.

பிறகு படிவம் 5ஏ. பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, கொடுத்தவரின் பெயர் முகவரியை வாங்குங்கள். பில் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வாங்குங்கள். அப்படி வெளிப்படுத்தப்பட்டவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வரியை வெறுமையாக விட்டால் கலந்தவர் மேலே எங்கோ இருக்க, கடைசியில் நிற்கும் சிறு வியாபாரி மட்டும் மாட்டிக்கொள்வார். படிவத்தில் கவனமாக நிரப்ப வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

என்ன பால் என்று விற்கிறார் என்பதையும் அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். பசும்பாலுக்குக் கொழுப்பு 3.2, கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 சதவீதம் போதும். சமன்படுத்திய பாலுக்கு 3.0, 8.5, நிலைப்படுத்திய பாலுக்கு 4.5, 8.5, நிறைகொழுப்புப் பாலுக்கு 6.0, 9.0. ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு பாக்கெட்டுகள் வரிசையாக இந்த மூன்றுதான். வெறுமனே "பால்" என்று எழுதி அனுப்பினால் எந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி ஆய்வகத்தில் எழும்.

நான்காம் பாகத்தைத் தன் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கும் உரிமை வியாபாரிக்கு உண்டு. அதை அவருக்குப் புரியும்படி சொல்லி, வேண்டும் அல்லது வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. பாலுக்குக் கடை விலையைக் கொடுத்து ரசீது பெறுங்கள்.

5. கலக்குங்கள், இன்னும் கலக்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள்.

அரை மணி நேரம் அசையாமல் நின்ற கேனில் கொழுப்பு மேலே திரண்டிருக்கும். மேலாக மொண்டால் கொழுப்பு கூடும், அடியில் எடுத்தால் குறையும். அடிப்பால் எடுத்தால் நல்ல வியாபாரி மாட்டுவார். மேல்பால் எடுத்தால் ஏமாற்றுபவர் தப்புவார்.

40 லிட்டர் கேனில், துளையிட்ட தட்டு பொருத்திய கலக்கியை அடிவரை இறக்கி மேலே தூக்குங்கள். குறைந்தது பத்து முறை. வட்டமாகச் சுற்றினால் பால் சுழலுமே தவிர மேலும் கீழும் கலக்காது. கலக்கி இல்லையென்றால் காய்ந்த இன்னொரு கேனுக்கு மாற்றி மாற்றி ஊற்றலாம். நுரை பொங்கும் அளவுக்கு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டாம். கேன் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஏட்டையும் வழித்து உள்ளே தள்ளுங்கள், அதுவும் அந்தப் பாலின் கொழுப்புதான்.

ஏடு தனித் துண்டுகளாக மிதந்தாலோ பால் திரியத் தொடங்கியிருந்தாலோ அந்தக் கேனை விட்டுவிடுங்கள். சீராகக் கலக்க முடியாத பாலில் சரியான மாதிரி எடுக்க முடியாது.

கலக்கிய கை காயுமுன், நீளக் கரண்டியால் நடுவிலிருந்து மொண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகச் சேருங்கள். கையைப் பாலில் விடக் கூடாது. இரண்டு லிட்டர் தேறாத சிறு வியாபாரியிடம் நான்கு பாகத்தையும் குறைத்து ஊற்றி ஒப்பேற்றாதீர்கள். அன்று கண்காணிப்பு மாதிரி போதும்.

பாக்கெட் பாலானால் ஒரே தொகுதி எண், ஒரே தேதி கொண்ட பாக்கெட்டுகளாகப் பொறுக்குங்கள். ஒரே பெட்டியில் இரண்டு தேதிப் பாக்கெட்டுகள் கலந்து கிடப்பது உண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வெட்டிக் கலப்பதாக இருந்தால் வியாபாரி முன்னால் வெட்டுங்கள், வெற்று உறைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

6. நான்காகப் பிரித்து ஃபார்மலின் சேருங்கள்

ஒரு பாட்டிலை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். பாத்திரத்தைக் கலக்கிக்கொண்டே நான்கிலும் சுற்றுமுறையில் 100, 100 மில்லியாக ஊற்றி ஐந்து சுற்றில் முடியுங்கள். கடைசிப் பாட்டிலுக்கும் முதல் பாட்டிலுக்கும் கொழுப்பு வேறுபட்டால், பின்னால் இரண்டு ஆய்வகங்கள் இரண்டு முடிவு சொல்லும். வழக்கு அங்கே தொங்கிவிடும்.

விதிப்படி 25 மில்லி பாலுக்கு ஃபார்மலின் 0.1 மில்லி, அதாவது 2 சொட்டு. 500 மில்லிக்கு 2 மில்லி. சொட்டு எண்ணிக்கொண்டிருக்காமல் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். குறைந்தால் கெட்டுப்போகும். கூடினால் பாலின் புரதம் இறுகி, கெர்பர் முறைக் கொழுப்புச் சோதனையில் அமிலத்தில் கரைய மறுக்கும். மூடி போட்டுத் தலைகீழாகப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

சில வியாபாரிகளே பால் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றுவது உண்டு. அந்தச் சந்தேகம் இருந்தால் ஃபார்மலின் சேர்க்காத தனிப் பாட்டில் ஒன்றைக் கண்காணிப்பு மாதிரியாக ஐஸில் வைத்து அனுப்புங்கள். நாமே ஊற்றிய பாட்டிலில் அவர் ஊற்றியதைத் தேட முடியாது.

பாத்திரத்தில் மிஞ்சிய பாலில் ஃபார்மலின் பட்டிருந்தால் அங்கேயே கொட்டிவிடுங்கள். யாருக்கும், நாய்க்கும்கூட, கொடுக்கக் கூடாது.

7. ஒட்டி, கட்டி, முத்திரை இடுங்கள்

லேபிளில் குறியீட்டு எண், அனுப்புபவர், நாள், இடம், பொருள், சேர்த்த பாதுகாப்பானின் பெயர், அளவு. "ஃபார்மலின் 2 மில்லி" என்ற வரி விடுபட்டால் ஆய்வகம் அதைக் கலப்படமாக எழுத நேரிடும்.

பாட்டிலைத் தடித்த காகிதத்தில் சுற்றி, முனைகளை மடித்து ஒட்டுங்கள். நியமன அலுவலரின் சீட்டை அடியிலிருந்து தலைவரை சுற்றிவர ஒட்டுங்கள். வியாபாரியின் கையெழுத்து அல்லது கைநாட்டு, பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழ வேண்டும். சீட்டை யாராவது கிழித்து மாற்றினால் கையெழுத்து பொருந்தாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பெரும்பாலும் பேனா முழுவதும் சீட்டிலேயே ஓடிவிடுகிறது. விரலை வைத்துக் காட்டி "இங்கிருந்து இதுவரை போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அரக்கில் நான்கு முத்திரை: தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடலில் இரண்டு. நூலின் முடிச்சுகள் அரக்குக்குள் மறைய வேண்டும். அரக்கு கொஞ்சம் ஆறிய பின் முத்திரையை அழுத்தி எடுங்கள். கொதிக்கும் அரக்கில் எழுத்து இழுபடும். எழுத்து தெளிவாக விழவில்லை என்றால் சுரண்டிவிட்டு அங்கேயே மறுபடி இடுங்கள். காற்றடிக்கும் தெருவில் மெழுகுவத்தி நிற்காது, கடைக்குள் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

8. அனுப்புதல்

ஒரு பாகம் படிவம் 6-உடன் உணவுப் பகுப்பாய்வாளருக்கு. அன்றே அனுப்புவது நல்லது. அடுத்த வேலை நாளைத் தாண்டக் கூடாது. சென்னை கிண்டி, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் உள்ளன. படிவம் 6-இன் இன்னொரு நகலையும் முத்திரையின் மாதிரிப் பதிவையும் தனி உறையில் அனுப்ப வேண்டும். இரண்டையும் மாதிரிப் பொட்டலத்துக்குள்ளேயே போட்டுவிட்டால், முத்திரையை எதனோடு ஒப்பிடுவது?

இரண்டு பாகங்கள் நியமன அலுவலரிடம் பூட்டிய குளிர்பெட்டியில். நான்காவதை வியாபாரி கேட்டிருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. கேட்காவிட்டால் அதுவும் நியமன அலுவலரிடம். வெள்ளிக்கிழமை பால் மாதிரி எடுக்காதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது அலுவலக மேசையில் கிடக்கும்.

9. அறிக்கை வந்த பிறகு

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரம் குறைந்தது, தவறாகப் பெயரிட்டது, பாதுகாப்பற்றது என்று அதில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த வழி மாறும். கொழுப்பு 3.2-க்குப் பதில் 2.9 இருந்தால் அது தரம் குறைந்த பால். மாவட்ட வருவாய் அலுவலர் முன் தீர்ப்புக்குப் போகும், அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். சோப்போ ஃபார்மலினோ இருந்தால் பாதுகாப்பற்ற உணவு என்ற பிரிவில் நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டையும் குழப்பித் தவறான இடத்தில் கோப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் மாதங்கள் வீணாகும். குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு தொடர வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அறிக்கையை வியாபாரி எதிர்த்தால், கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 8-இல் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். பூட்டி வைத்த பாகங்களில் ஒன்று அப்போது பரிந்துரை ஆய்வகத்துக்கு (மேல்முறையீட்டில் மறுபடி சோதிக்கும் ஆய்வகம்) போகும். முதல் பாகம் ஆய்வகத்தில் தீர்ந்திருக்கும். அதனால் அறிக்கை வந்த கையோடு குளிர்பெட்டியைத் திறந்து, மற்றப் பாகங்களின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, பால் திரியாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

கடைக்காரரின் பால் தோற்றால், 4-ஆம் படியில் வாங்கிய பெயரை எடுத்து, அதே வாரத்தில் அவருக்குப் பால் கொடுத்தவரிடம் அடுத்த மாதிரி எடுங்கள். அவருடைய கேனிலும் அதே குறை இருந்தால் அங்கிருந்து சேகரிப்பு மையத்துக்குப் போங்கள்.

பொதுமக்களில் யாராவது வீட்டுப் பாலைக் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னால் 40-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். வாங்கும்போதே "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி, அவர்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பால் விதிமீறியது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். முன்கூட்டித் தெரிவிக்காமல், மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்த பாலைக் கொண்டுவந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கடையின் பெயரையும் பால் வரும் நேரத்தையும் புகாராக வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் காலை ஐந்து மணிக்குப் பாட்டில்களோடு அங்கே போங்கள்.